எந்தக் காலுக்கு எந்தச் சப்பாத்து? ஓடுகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

கொழும்பில் காலையும் மாலையும் ஓடுகிறவர்கள், நடக்கிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஓட்டப் பயிற்சி கொடுப்பது என் வேலை. நான் வைத்தியர் இல்லை. இரண்டு கிழமைக்கு மேல் நோ நிற்காமல் இருந்தால் சப்பாத்துக் கடைக்குப் போகாமல் வைத்தியரிடம் போங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து: அக்கா, நான் ஓடத் தொடங்கி கொஞ்ச மாதம்தான். கடையில் காலைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தட்டைப் பாதம், ஸ்டெபிலிட்டி சப்பாத்துத்தான் போடவேண்டும்" என்று விலை கூடிய ஒன்றைக் காட்டினார்கள். இப்போது போடுகிற சாதாரண சப்பாத்தில் எனக்கு ஒரு நோவும் இல்லை. மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம் தங்கச்சி. ஸ்டெபிலிட்டி சப்பாத்து என்பது பாதம் உட்பக்கம் சாயாமல் தாங்கும்படி செய்தது. நோகாமல் ஓடுகிற காலை ஏன் குழப்புவான்?

பாதத்தை நனைத்துக் கடதாசியில் வைத்துப் பார்க்கிற சோதனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். முழுப் பாதமும் பதிந்தால் தட்டை. நடுவில் ஒடுங்கிப் பதிந்தால் நடுத்தரம். முன்னும் பின்னும் மட்டும் பதிந்து நடுவில் ஒன்றுமே இல்லாவிட்டால் உயர்ந்த வளைவு. கனகாலம் இதை வைத்துத்தான் சப்பாத்தையும் பிரித்து விற்றார்கள். அமெரிக்காவில் தரைப்படை, விமானப்படை, மரைன் படைப்பிரிவு மூன்றிலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பாதத்தின் வடிவம் பார்த்துச் சப்பாத்துக் கொடுத்தார்கள். மற்றப் பகுதியினருக்கு வடிவம் பாராமல் எல்லாருக்கும் ஒரே வகை. காயப்பட்டவர்களின் அளவில் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 900 பேருக்கு மேல் ஒரே நியூட்ரல் சப்பாத்தை, அதாவது அந்தத் தாங்கல் இல்லாத சாதாரண வகையை, கொடுத்து ஒரு வருடம் பார்த்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. அதிலும், பாதம் உட்பக்கம் சாய்கிறது என்பதால் மட்டும் காயம் கூடவில்லை.

அதற்காக ஸ்டெபிலிட்டி சப்பாத்து எல்லாம் ஏமாற்று என்றும் நான் சொல்லமாட்டேன். 2016இல் லக்சம்பேர்க்கில் நடந்த ஆய்வில், பாதம் உட்பக்கம் சாய்கிறவர்களுக்கு அந்த மாதிரிச் சப்பாத்து உதவியிருக்கிறது. கணுக்காலின் உட்பக்கமோ முன்னங்கால் எலும்பின் உட்பக்கமோ திரும்பத் திரும்ப நோகிறவர்கள் ஒருக்கால் போட்டு ஓடிப் பார்க்கலாம்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். வெறுங்காலில் நின்று, மெதுவாக நுனிக்காலில் எழும்புங்கள். பின்னால் ஒருவர் நின்று பார்க்கட்டும். எழும்பும்போது உள்ளங்காலில் வளைவு தெரிந்து, குதிகால் உட்பக்கம் திரும்பினால் அது வளைந்துகொடுக்கிற தட்டைப் பாதம். நோ இல்லாவிட்டால் அதை ஒரு குறை என்று நினைக்கவே வேண்டாம். எழும்பினாலும் பாதம் அப்படியே தட்டையாக இருந்தால், அல்லது ஒரு கால் மட்டும் அண்மையில்தான் தட்டையாகியிருந்தால், அதை வைத்தியரிடம் காட்டுங்கள்.

கல்கிசையிலிருந்து: எனக்கு உள்ளங்கால் வளைவு சரியான உயரம். எந்தச் சப்பாத்துப் போட்டாலும் புறங்காலில் லேஸ் அழுத்துகிறது.

மெத்தை கூடிய நியூட்ரல் சப்பாத்தாகப் பாருங்கள். உயர்ந்த வளைவுள்ள பாதம் நிலத்தில் அடிபடும்போது அவ்வளவாக விரிந்து கொடுக்காது. அழுத்தத்துக்குப் புதுச் சப்பாத்து வாங்கத் தேவையில்லை. லேஸை முழுக்கக் கழற்றிவிட்டுத் திரும்பக் கோர்த்துக்கொள்ளுங்கள். அழுத்துகிற இடத்தில் மட்டும் குறுக்கே போடாமல், அந்தந்தப் பக்கத்திலேயே நேராக மேலே ஏற்றி, அடுத்த துளையிலிருந்து வழமைபோல் குறுக்கே போடுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: அக்கா, நான் எப்போதும் 9ஆம் அளவுதான் போடுவேன். பத்து கிலோமீற்றர் ஓடத் தொடங்கியபிறகு இரண்டு பெருவிரல் நகமும் கறுத்துவிட்டன. சின்னவிரலும் உரஞ்சுகிறது.

தம்பி, பாத வகையைவிட இதுதான் பெரிய விஷயம். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேரின் பிரச்சினை தட்டையுமல்ல, வளைவுமல்ல. சப்பாத்துச் சின்னது, அல்லது ஒடுக்கம்.

ஓடும்போது பாதம் சூட்டில் வீங்கும். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் முன்னுக்கு வழுக்கும். எங்கள் வெக்கைக்கு அது இன்னும் கூட. அதனால் ஓட்டச் சப்பாத்தைக் காலையில் போய் வாங்காதீர்கள். வேலை முடிந்து, கால் வீங்கியிருக்கிற பின்னேரத்தில் போங்கள். ஓடும்போது போடுகிற அதே சொக்ஸைக் கொண்டுபோங்கள். இரண்டு காலிலும் போட்டு, எழும்பி நின்று பாருங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கைப் பெருவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம், அதையும் கவனியுங்கள். ஒரு கால் மற்றதைவிடப் பெரிதாக இருப்பது சாதாரணம். பெரிய காலுக்கு வாங்குங்கள்.

அகலத்துக்கு நான் எல்லாரையும் செய்யச் சொல்வது இது. சப்பாத்துக்குள் இருக்கிற உள்ளடியை வெளியே இழுத்து நிலத்தில் போட்டு, அதன்மேல் ஏறி நில்லுங்கள். சின்னவிரலோ அதற்குக் கீழே இருக்கிற பக்கமோ உள்ளடிக்கு வெளியே வழிந்தால் அந்தச் சப்பாத்து உங்கள் காலுக்கு ஒடுக்கம். கடைக்காரர் "போடப் போட இளகும்" என்று சொன்னாலும் வாங்காதீர்கள். வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்தவர்களின் பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். தென்னிந்தியாவில் வெறுங்காலில் நடந்து பழகியவர்களை அளந்து பார்த்த ஆய்வும் அதைத்தான் சொன்னது. பெட்டியில் ஆண்களுக்கு "டி" என்று இருப்பது சாதாரண அகலம். 2ஈ அகலம், 4ஈ இன்னும் அகலம். நியூ பேலன்ஸ், புரூக்ஸ், அசிக்ஸ் மூன்றும் அகலப் பதிப்புகள் செய்கின்றன. கடைத் தட்டில் இருக்காது, கேட்டுத்தான் எடுக்கவேண்டும். அகலத்துக்காக ஒரு அளவு பெரிதாக வாங்கினால் குதிகால் கழன்று வரும்.

குதிகால் கழன்றால், மேலே பயன்படுத்தாமல் விடுகிற கடைசித் துளை இருக்கிறதல்லவா, அதில் லேஸை அதே பக்கத்திலேயே கோர்த்து ஒரு சிறிய வளையம் விடுங்கள். எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள்ளால் எடுத்து இழுத்துக் கட்டுங்கள். குதி பிடித்துக்கொள்ளும், நகமும் முன்னால் போய் இடிக்காது.

தெஹிவளையிலிருந்து: சப்பாத்தின் குதியில் வெளிப்பக்கம்தான் தேய்கிறது. கால் கோணலா?

இல்லை. குதிகாலில் இறங்குகிற பெரும்பாலானவர்களுக்கு முதலில் நிலத்தில் படுவது வெளி ஓரம்தான். இரண்டு சப்பாத்தும் ஒன்றுக்கொன்று மிகவும் வித்தியாசமாகத் தேய்ந்தால் மட்டும் யாரிடமாவது காட்டுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: ரொறொன்ரோவில் இருக்கிற மச்சான் சப்பாத்து வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். சைஸ் கேட்கிறான். போன தடவை அனுப்பியது பத்தவில்லை.

இங்கே நாங்கள் சொல்கிற அளவு பெரும்பாலும் யூ.கே., அங்கே பெட்டியில் பார்ப்பது யூ.எஸ். ஆண்களுக்கு இரண்டுக்கும் இடையே பொதுவாக ஒரு அளவு வித்தியாசம். அடிடாஸில் அது அரை அளவுதான். நைக்கியில் யூ.கே. 8 என்பது யூ.எஸ். 9. அடிடாஸில் யூ.எஸ். 9 என்றால் யூ.கே. 8.5. பெண்களுக்கு வித்தியாசம் இரண்டு, இரண்டரை வரை போகும். "சைஸ் எட்டு" என்று மட்டும் சொன்னால் குழப்பம்தான்.

இப்போது வடிவாகப் பொருந்துகிற ஓட்டச் சப்பாத்து ஒன்று இருந்தால், அதன் நாக்கின் உட்பக்கத்தில் தைத்திருக்கிற துண்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். யூ.எஸ்., யூ.கே. பக்கத்தில் சென்ரிமீற்றரிலும் ஒரு எண் இருக்கும். அதே கம்பனியின் அதே மொடலாக இருந்தால் பிழைக்காது. கம்பனி மாறினால் அந்த எண்ணும் கொஞ்சம் மாறும். அதனால் பாதத்தின் அளவையும் அனுப்புங்கள். பின்னேரம் சுவரோடு குதியை ஒட்டிக் கடதாசியில் நின்று, நீளமான விரல் வரைக்கும், முன்பாதத்தின் அகலமான இடத்திலும் அளவெடுங்கள். இருந்து அளக்கவேண்டாம், நின்றால்தான் பாதம் விரியும்.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து வந்ததை "நல்ல நாளுக்கு" என்று பெட்டிக்குள் வைத்துவிடுகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அடிப்பாகம் பொலியூரித்தேனில் செய்ததாக இருந்தால், கொழும்பு ஈரலிப்பில் சில வருடத்தில் அது உள்ளுக்குள்ளேயே உக்கிவிடும். முதல் தடவை போட்டு நடக்கும்போதே அடி துண்டு துண்டாக உதிரும். மலையேறும் பூட்ஸில் இது அதிகம். அனுப்பியவர் ஆசையோடு அனுப்பினார், போட்டு ஓடுங்கள்.

கொள்ளுப்பிட்டியிலிருந்து: கிழமை நாட்களில் காலிமுகத்திடலிலும் சுதந்திர சதுக்கத்திலும் ஓடுவேன். ஞாயிறில் கடற்கரை மணல். ஒரு சோடி போதுமா? மழைக்கு வோட்டர்புரூஃப் வாங்கவா?

இந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் சாதாரண ரோட் சப்பாத்து ஒன்று போதும். கவனிக்கவேண்டியது அடி ரப்பர். கடையில் சப்பாத்தைத் திருப்பிப் பாருங்கள். நிறைய மொடல்களில் எடை குறைக்க நடுவில் ரப்பரே இல்லாமல் நுரையை வெறுமனே விட்டிருப்பார்கள். மழை பெய்து பாசி பிடித்த இன்டர்லொக் கல்லிலும், கடைகளுக்கு முன்னால் பதித்த வழுவழுப்பான டைல்ஸிலும் அந்த நுரை வழுக்கும். முன்பாதம் முழுக்க ரப்பர் இருக்கிறதாக எடுங்கள்.

வோட்டர்புரூஃப் வேண்டாம். எங்கள் மழையில் தண்ணீர் கணுக்கால் வழியாக மேலிருந்து இறங்கும். உள்ளே போனது வெளியே வராது, வெக்கையும் சேரும். மெல்லிய வலைத்துணியாக இருந்தால் தண்ணீர் போன வழியாலே வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் உள்ளடியைக் கழற்றி, பழைய பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்து, நிழலில் காற்றுப் படுகிற இடத்தில் வையுங்கள். ஒரு மணித்தியாலத்தில் பேப்பரை மாற்றுங்கள். மொட்டைமாடி வெயிலில் வைத்தால் பசை விடும். வோஷிங் மெஷினிலும் போடவேண்டாம்.

மே, ஜூனில் தென்மேற்குப் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் திரும்பவும் மழை. தினம் ஓடுகிறவருக்கு அந்த மாதங்களில் ஒரு சோடி காயாது. முடிந்தால் இரண்டாவது சோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். வேறு வேறு சப்பாத்து மாற்றிப் போடுகிறவர்களுக்குக் காயம் குறைவு என்றும் 2015இல் ஒரு ஆய்வு காட்டியது.

மணலில் கவனம். கடற்கரை கடலை நோக்கிச் சரிவு. ஒரே திசையில் நெடுகப் போனால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். போன தூரம் அதே ஓரத்தால் திரும்பி வாருங்கள், ஈரமணலில் ஓடுங்கள். வெறுங்காலில் ஓட விரும்பினால் சில நிமிடத்தில் தொடங்குங்கள், கெண்டைக்கால் பழகவேண்டும்.

நுகேகொடையிலிருந்து: நண்பர்களோடு ஹந்தானை, நக்கிள்ஸ் மலைப் பக்கம் ஓடப் போகிறோம். ரோட் சப்பாத்தோடு போகலாமா?

தேயிலைத் தோட்ட வழியும் காய்ந்த மண்பாதையும் என்றால் போகலாம். ஈரமண், மானாப்புல் சரிவு, கற்பாறை வந்தால் ட்ரெயில் சப்பாத்து வேண்டும். அடியில் 4, 5 மில்லிமீற்றர் பற்கள், விரலுக்கு முன்னால் கடினமான பாதுகாப்பு, கூரிய கல் குத்தாமல் அடிக்குள் ஒரு தகடு இவற்றைப் பாருங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடிக்கும், அதனால் அரை அளவு கூட எடுக்கலாம். நக்கிள்ஸில் அட்டை கடிக்காமல் இருக்கத் துணிச் சொக்ஸ் போடுவீர்கள் என்றால் அதையும் போட்டுக்கொண்டு சப்பாத்தை அளந்து பாருங்கள். சிவனொளிபாதமலைக்கு ட்ரெயில் பல் தேவையே இல்லை, அது படிக்கட்டு. இறங்கும்போது பிடித்து நிறுத்துகிற ரப்பரும் குதியைப் பிடிக்கிற லேஸும் போதும்.

கறுவாத்தோட்டத்திலிருந்து: பிள்ளை, எனக்கு 61 வயது. சீனி வருத்தம் கனகாலமாக இருக்கிறது. விகாரமகாதேவி பூங்காவில் தினம் நடக்கிறேன். கால் சிலநேரம் விறைத்தமாதிரி இருக்கும். கூழாங்கல்லில் வெறுங்காலில் நடந்தால் நல்லது என்கிறார்கள்.

ஐயா, தயவுசெய்து வெறுங்காலில் நடக்கவேண்டாம். கூழாங்கல்லிலும் வேண்டாம், வீட்டு முற்றத்திலும் வேண்டாம். விறைப்பு என்றால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். கல் குத்தினாலும் சூடு பட்டாலும் உங்களுக்குத் தெரியாது, அந்தச் சிறு காயம்தான் புண்ணாகும். முதலில் கிளினிக்கில் பாத உணர்ச்சியைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

சப்பாத்து விரல் பகுதியில் அகலமும் ஆழமும் இருக்கவேண்டும், உள்ளே முரட்டுத் தையல் இருக்கக்கூடாது. போடுமுன் ஒவ்வொரு நாளும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். சின்னக் கல், மடிந்த உள்ளடி எதுவும் கால் சொல்லாது, கை சொல்லும். வெள்ளைச் சொக்ஸ் போடுங்கள், இரத்தமோ நீரோ பட்டால் உடனே தெரியும். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். புதுச் சப்பாத்தை முதல் நாள் அரைமணித்தியாலம் மட்டும் போட்டு, கழற்றி, சிவந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு மறையாவிட்டால் அந்தச் சப்பாத்து வேண்டாம்.

இராஜகிரியவிலிருந்து: முதல் அரை மரதன். காபன் தகடு வைத்த சப்பாத்து வாங்கவா?

அது வேகத்துக்காக அடிக்குள் விறைப்பான தகடு வைத்த, விலை கூடிய போட்டிச் சப்பாத்து. முதல் ஓட்டத்துக்குத் தேவையில்லை. பழகிய சப்பாத்தோடு ஓடி முடியுங்கள். எந்தச் சப்பாத்தும் பொதுவாக 500 முதல் 800 கிலோமீற்றர் வரைதான் நல்ல மெத்தையாக இருக்கும். அந்தப் பணத்தில் அடுத்த சோடியை நேரத்துக்கு வாங்கலாம்.

தெமட்டகொடையிலிருந்து: மகளுக்கு 12 வயது. பாடசாலையில் 100 மீற்றர் ஓடுகிறாள். மாஸ்டர் ஸ்பைக்ஸ் (அடியில் ஊசி வைத்த சப்பாத்து) வாங்கச் சொல்கிறார். அவளுக்குத் தட்டைப் பாதம் என்றும் ஒருவர் சொன்னார், பயமாக இருக்கிறது.

அக்கா, பயப்படாதீர்கள். 1992இல் இந்தியாவில் 2,300 பிள்ளைகளைப் பார்த்து வெளியிட்ட ஆய்வில், மூடிய சப்பாத்துப் போட்டு வளர்ந்த பிள்ளைகளிடம்தான் தட்டைப் பாதம் கூட இருந்தது, வெறுங்காலில் வளர்ந்தவர்களிடம் குறைவு. நோ இல்லாவிட்டால் வீட்டில் வெறுங்காலில் விளையாட விடுங்கள்.

புல் மைதானத்தில் மட்டும் ஓடுகிறாள் என்றால் ஸ்பைக்ஸுக்கு அவசரமில்லை. சுகததாச மைதானம் போன்ற செயற்கை ஓடுபாதையில் போட்டி வந்தால் வாங்குங்கள். ஊசி மாற்றக்கூடியதாக எடுங்கள். செயற்கைப் பாதையில் 9 மில்லிமீற்றருக்கு மேல் அனுமதி இல்லை, 6 போதும். ஸ்பைக்ஸைப் போட்டிக்கும் வேகப் பயிற்சிக்கும் மட்டும் போடட்டும், சூடேற்ற ஓட்டத்துக்குச் சாதாரண சப்பாத்து. வளர்கிற கால் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிப் பஞ்சு வைக்கவேண்டாம். அந்த வருடத்துக்கு அளவாக வாங்கி, சின்னதானதும் அடுத்த பிள்ளைக்குக் கொடுங்கள். உள்ளடியை மட்டும் புதிதாக மாற்றிக் கொடுங்கள்.