கேளுங்கோ, சொல்லுறன்: கோச்சி கடைசியா நிக்கிற இடம்

அம்மம்மா இண்டைக்கும் ரெயினைக் கோச்சி எண்டுதான் சொல்லுறா, நாங்கள் சிரிக்கிறம். உந்தச் சொல் எங்கயிருந்து வந்தது?
– ஒரு மாணவி, சுன்னாகம்

சிரிக்காதேங்கோ பிள்ளை. கோச் எண்ட ஆங்கிலச் சொல்லு எங்கட வாயில விழுந்து கோச்சியாப் போச்சுதெண்டு சொல்லுவினம், சிங்களச் சனமும் கோச்சிய எண்டுதான் சொல்லுது, அப்ப அம்மம்மா ரெண்டு பாஷைக்கும் பொதுவான சொல்லையெல்லோ வைச்சிருக்கிறா. போர்ட்டில புகையிரதம் எண்டு வடிவா எழுதிக் கிடக்கு, ஆனா "புகையிரதத்துக்கு நேரமாச்சு, வெளிக்கிடு" எண்டு ஒரு வீட்டிலயும் ஆரும் கத்தி நான் கேக்கேல்ல.

பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு காங்கேசன்துறை ஸ்ரேசன் வரைக்கும் ரெயினில போனம். அவ்வளவு பெரிய ஸ்ரேசன், எங்களோட இறங்கினது எட்டுப் பேர். யாழ்ப்பாணம் ரவுணோட நிப்பாட்டாம ஏன் அங்க வரைக்கும் லைன் போட்டவை எண்டு மகன் கேட்டான், எனக்குச் சொல்லத் தெரியேல்ல.
– ஒரு அப்பா, நல்லூர்

மகன் கெட்டிக்காரன். யாழ்ப்பாணத்துக் கோச்சி முதன்முதல் வெளிக்கிட்டதே காங்கேசன்துறையில இருந்துதான் எண்டு அவனுக்குச் சொல்லுங்கோ. 1902 மார்ச்சில சாவகச்சேரி வரைக்கும் ஓடினது, அந்த வருஷமே பளைக்கு நீட்டினவை, கொழும்பு லைன் வந்து தொட்டது 1905 ஆகஸ்ட்டில. அப்ப மூண்டு வருஷத்துக்கு மேல தெற்கோட ஒரு தொடுப்பும் இல்லாம இஞ்ச ஒரு கோச்சி தன்ரபாட்டில ஓடித்திரிஞ்சிருக்கு. ஐஞ்சரை அடி அகல லைனுக்குரிய என்ஜினும் இரும்பும் அந்தக் காலத்து ரோட்டால வந்திருக்க ஏலாது, கடலாலதான் வந்திருக்கோணும், துறைமுகத்தில தொடங்கினதுக்கு வேற காரணம் தேடத் தேவையில்லை.

பிறகு 1950இல சீமெந்துத் தொழிற்சாலை வந்து ஊரின்ர கதையே மாறிப்போச்சு. நான் மல்லாகம், எங்கட சித்தப்பா சின்னனில என்னை சைக்கிள் பாரில இருத்திக்கொண்டு காங்கேசன்துறை ஸ்ரேசனுக்குப் போவார், ஒரு அலுவலும் இல்லை, என்ஜினைப் பாக்கத்தான். கோச்சி வந்து நிண்ட உடன என்ஜினைக் கழட்டி, பக்கத்து லைனால தனியா விட்டு, மற்றத் தலைப்பில கொண்டுபோய் மாட்டுவினம். மாட்டேக்க "டக்" எண்டு ஒரு சத்தம், அந்தச் சத்தம் பெட்டி பெட்டியாத் தாண்டி கடைசிப் பெட்டி மட்டும் போகும், நாங்கள் பிளாற்போமில நிண்டு எண்ணுவம். கடைசி ஸ்ரேசனில மட்டும்தான் இதை எப்பவும் பாக்கலாம். கொழும்பில கந்தோர் உத்தியோகம் பாத்த ஆம்பிளையள் சனி விடிய இரவு மெயில் கோச்சியில வந்து இறங்கிற வீடுகளில மணிக்கூடு தேவையில்லை, மெயில் கூவினா அடுப்பு எரியும், அவ்வளவுதான்.

அது 1990 ஜூனில சண்டையோட நிண்டுது. கோச்சியும் நிண்டுது, காங்கேசன்துறையைச் சுத்தின வலிகாமம் வடக்குச் சனமும் அதே மாசமே உடுத்த உடுப்போட எழும்பினது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கருக்குப் போச்சு, லைன் கிடந்த இடத்தில சனம் ஒழுங்கை மாதிரி சைக்கிள் ஓடினது, ஆடு கட்டினது.

இப்ப உங்கட எட்டுப் பேர் கணக்குக்கு வாறன். இந்தியக் கடனில இர்கோன் கம்பனி லைனைத் திரும்பப் போட்டு 2014 ஒக்டோபர் 13இல கோச்சி யாழ்ப்பாணம் வந்தது, 2015 ஜனவரி 2இல காங்கேசன்துறைக்குப் போனது. ஆனா கோச்சி போய்ச் சேரேக்க அங்க ஊர் இல்லை. ஸ்ரேசனைச் சுத்திவரக் கனக்கக் காணி ஆமியிட்ட, கம்பி வேலிக்கு அங்கால கூரையில்லாத வீடுகள், வீட்டுக்குள்ள ஆலமரம். முதல் மாசம் நானும் போனனான், பெட்டியில இருந்த ஒரு வயசான அம்மா மாவிட்டபுரம் தாண்டின உடன யன்னலால கையை நீட்டி "அந்தப் பனைக்கு அங்கால எங்கட கிணறு" எண்டா, இறங்கினா, பிளாற்போமில ஒரு பிளேன்ரீ குடிக்கவும் கடையில்லை, அதே கோச்சியில ஏறித் திரும்பினா. காணியளைப் பிறகு துண்டு துண்டாத்தான் விட்டவை, பக்கத்து மயிலிட்டித் துறைமுகம் விட்டதே 2017இல, இன்னும் விடாத காணியும் இருக்கு. வேற இடத்தில ஊர் வளந்து ஸ்ரேசன் கேக்கும், இஞ்ச ஸ்ரேசன் முந்திப்போய் நிக்குது, சனம் பின்னால ஒவ்வொண்டா வருது. 2023 ஒக்டோபரில நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில கப்பல் தொடங்கி, நிண்டு, அடுத்த ஆகஸ்ட்டில திரும்ப ஓடினதால பெட்டி படுக்கையோட ஆக்கள் இறங்கிறதை இப்ப காணலாம். எண்டாலும் எனக்குக் கப்பலை விட, விடிய அங்க பள்ளிக்கூடச் சப்பாத்தோட ரெண்டு பிள்ளையள் ஏறினதைக் கண்டதுதான் பெரிசு.

மகளுக்குக் கிளிநொச்சியில வேலை. பஸ்ஸில போறதோ ரெயினில போறதோ நல்லம்? இவர் பஸ் எண்டுறார், மகள் ரெயின் எண்டுறாள், வீட்டில ஒவ்வொரு நாளும் சண்டை.
– ஒரு அம்மா, கோண்டாவில்

அம்மா, போய்வாறது மகள், அவளையே முடிவெடுக்க விடுங்கோ. எண்டாலும் கேட்டபடியாச் சொல்லுறன். 2022இல பெற்றோல் இல்லாம நாங்கள் கியூவில கிடந்தமே, அந்த நேரம் உத்தியோகத்தர் போய்வரத்தான் யாழ் ராணி எண்டு காங்கேசன்துறைக்கும் முறிகண்டிக்கும் இடையில ஒரு கோச்சி விட்டவை. அண்டைக்குத்தான் எங்கட ஆக்களுக்கு விளங்கினது, கோச்சி எண்டா கொழும்புக்குப் போறதுக்கு மட்டுமில்லை, கோண்டாவிலில ஏறிக் கொடிகாமத்தில இறங்கவும் ஏலும் எண்டு. சீசன் ரிக்கெற் எடுத்தா காசு மிச்சம், இருக்க இடம் கிடைச்சா நித்திரையும் கொள்ளலாம். குறை என்னெண்டால் ஒற்றை லைன், எதிர்க் கோச்சி பிந்தினா இது ஒரு ஸ்ரேசனில கிறொஸ்ஸிங்குக்கு நிண்டுகொண்டே இருக்கும், கந்தோரில "ரெயின் லேற்" எண்டு எத்தினை நாளைக்குச் சொல்லுறது. பஸ் அடிக்கடி இருக்கு, ஆனா ஏ9 ரோட்டில அவங்கள் ஒருத்தனை ஒருத்தன் முந்துறதை இவர் முன் சீற்றில இருந்து ஒருக்காப் பாத்தாரெண்டா சண்டை முடிஞ்சிடும். விடியக் கோச்சியில போய், பின்னேரம் எது முந்தி வருதோ அதில வரட்டும்.

இன்னொண்டு, நீங்கள் கேக்கேல்ல, ஆனாச் சொல்லாம விட ஏலாது. மகளை ஸ்ரேசனுக்கு மோட்டச்சைக்கிளில ஏத்திக்கொண்டு போறவரிட்டச் சொல்லுங்கோ, கடவையில மணி அடிச்சா நிக்கச்சொல்லி. எங்கட இடத்தில 24 வருஷம் கோச்சி இல்லை, லைனைக் கண்டா ரெண்டு பக்கமும் பாக்கிற பழக்கம் இல்லாமலே ஒரு தலைமுறை வளந்திட்டுது. கேற் இல்லாத கடவை வேற. போன மாசம் இணுவில் பக்கம் ஒரு தம்பி சிவப்பு லைற் மின்னேக்க ஒரு கையில போனோட லைனில ஏறினான், நான் கத்தினன், "ஐயா அது இன்னும் தூரத்தில" எண்டு சிரிச்சுக்கொண்டு போறான், அவன் மற்றப்பக்கம் போய்ச் சேந்து பத்து எண்ணேல்ல, கோச்சி போச்சு. வந்த கோபத்துக்கு அவன் நிண்டிருந்தா அறைஞ்சிருப்பன்.

யாழ்தேவிக்கு வயசு என்ன?
– ஒரு வாசகர், கொடிகாமம்

1956 ஏப்ரல் 23இல ஓடத் தொடங்கின கொழும்புக் கோச்சி அவ. நடுவில கனகாலம் வவுனியாவோட நிண்டவ, அதைக் கழிக்கிறதோ விடுறதோ உங்கட விருப்பம்.

ரெயினில விக்கிற வடையை நம்பிச் சாப்பிடலாமோ ஐயா?
– ஒரு வாசகர், தெல்லிப்பழை

நான் சாப்பிடுறனான். றால் வடை எண்டா சூடாக் கிடக்கோ எண்டு பேப்பரோட தொட்டுப்பாத்து வாங்குங்கோ, ஆறினது வேண்டாம். கச்சான் எண்டா ஆர் வித்தாலும் "முறிகண்டிக் கச்சான்" எண்டுதான் சொல்லுவாங்கள், அதுக்கு ஒண்டும் செய்ய ஏலாது.