கேள்வி-பதில்: ஓர் எழுத்து அடித்தால் 40 அட்டைகள் ஏன் மின்னுகின்றன?

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு மளிகைக் கடைக்கு ஆர்டர் எடுக்கும் வலைத்தளத்தை ரியாக்ட்டில் (திரையைச் சிறு துண்டுகளாகக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) செய்கிறோம். கூடை, லாகின், தேடல் பெட்டியில் அடிக்கும் சொல் எல்லாம் ஒரே கான்டெக்ஸ்ட்டில் (பல துண்டுகளுக்குத் தரவைப் பகிரும் ரியாக்ட் வசதி) இருக்கிறது. லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. விலை குறைந்த போனில் எழுத்து அடித்தால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரையில் வருகிறது. தரவை ஒரே இடத்தில் வைத்துப் பகிரும் லைப்ரரிகளில் ரீடக்ஸ் போடலாம் என்கிறார் ஒருவர், ஸுஸ்டாண்ட் போதும் என்கிறார் இன்னொருவர். எது சரி?
- வாசகர், ஈரோடு

பதில்: இரண்டில் எதற்கும் போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ரியாக்ட் டெவ்டூல்ஸ் என்ற பிரவுசர் நீட்சியில், ரீரெண்டர் ஆகும் (மறுபடி ஓடும்) இடங்களைக் கோடு போட்டுக் காட்டும் வசதியை இயக்கிவிட்டு, தேடல் பெட்டியில் 'ப' என்று ஒரே ஓர் எழுத்தை மட்டும் அடித்துப் பாருங்கள். பெட்டி மட்டும் மின்ன வேண்டிய இடத்தில் பக்கத்தில் உள்ள 40 பொருள் அட்டைகளும், மேலே இருக்கும் கூடை எண்ணும், ஏன், லாகின் பொத்தானும்கூட மின்னும். கான்டெக்ஸ்ட் வேலை செய்யும் விதம் அப்படி. அதற்குள் இருக்கும் மதிப்பு மாறினால் அதை வாங்கும் எல்லாக் கம்போனன்ட்டும் (திரையின் துண்டும்) மறுபடி ஓடும். தனக்கு வேண்டிய பகுதி மாறியதா இல்லையா என்று எதுவும் பார்க்காது, வீண் ஓட்டத்தைத் தவிர்க்க உதவும் மெமோவைப் போட்டாலும் தடுக்க முடியாது.

அதனால் முதல் மருந்து எந்த லைப்ரரியும் இல்லை. அடித்துக்கொண்டிருக்கும் சொல்லை யூஸ்ஸ்டேட்டில் (ஒரு கம்போனன்ட் தன் தரவைத் தானே வைத்துக்கொள்ளும் வசதி) போட்டுத் தேடல் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அடித்து முடித்து ஒரு 300 மில்லிவிநாடி அமைதியான பிறகு, பட்டியலுக்குத் தேவையான சொல்லை மட்டும் வெளியே அனுப்பினால் போதும். உங்கள் சிக்கலில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும் என்று நினைக்கிறேன்.

மீதி இருப்பது கூடையும் லாகினும். பல திரைகளுக்குப் பொதுவான இந்த மாதிரி விஷயத்துக்கு ஸுஸ்டாண்ட் மிகப் பொருத்தம். மூன்று பேர் கொண்ட குழுவுக்கு நான் தயங்காமல் அதையே சொல்வேன். சுருக்கிய அளவில் ஏறக்குறைய 1 கிலோபைட்தான், 2019-இல் வந்தது, பொய்மாண்ட்ரெஸ் என்ற திறந்த மூலக் குழுவின் படைப்பு. பெயர் ஜெர்மன் சொல், பொருள் 'நிலை'. (அதே குழுவின் ஜோட்டாய் என்ற லைப்ரரியின் பெயரும் ஜப்பானிய மொழியில் 'நிலை' என்பதுதான்.) இதில் ஸ்டோர், அதாவது பகிரும் தரவு இருக்கும் இடம், ரியாக்ட் கம்போனன்ட்டுகளின் மரத்துக்கு வெளியே ஒரு சாதாரண ஆப்ஜெக்டாக உட்கார்ந்திருக்கிறது. கான்டெக்ஸ்ட்டுக்குப் போடுவதுபோல் ப்ரொவைடர் என்ற உறை எதையும் சுற்ற வேண்டாம். கிரியேட் என்ற ஒரு ஃபங்ஷனுக்குள் தரவையும் அதை மாற்றும் ஃபங்ஷன்களையும் எழுதினால், ஒரு ஹூக் (கம்போனன்ட்டுக்குள் அழைக்கும் ஃபங்ஷன்) கையில் கிடைக்கும். கம்போனன்ட்டில் இப்படிக் கேட்கலாம்:

யூஸ்கூடை(நி => நி.எண்ணிக்கை)

ஜாவாஸ்கிரிப்ட் தமிழ்ப் பெயர்களை ஏற்கும், அதனால் இது விளையாட்டுக்கு எழுதியது அல்ல. நிரலைச் சரிபார்க்கும் லின்டர்தான் ஹூக் பெயர் ஆங்கில 'யூஸ்' என்று தொடங்க வேண்டும் என்று அடம்பிடிக்கும். அம்புக்குறிக்கு வலப்பக்கம் இருப்பதுதான் இங்கே முக்கியம். எண்ணிக்கை வேண்டும் என்று கேட்ட கம்போனன்ட், எண்ணிக்கை மாறினால் மட்டுமே மறுபடி ஓடும். அந்த அம்புக்குறியை எழுதாமல் வெறுமனே யூஸ்கூடை() என்று மொத்தத்தையும் வாங்கினால் பழைய கான்டெக்ஸ்ட் கதைக்கே திரும்பிவிடுவீர்கள். ஸுஸ்டாண்டுக்கு மாறியும் வேகம் வரவில்லை என்று புலம்புகிறவர்களின் நிரலைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறேன்.

இன்னொரு பள்ளமும் உண்டு. 'கூடையில் இருப்பதில் கையிருப்பு உள்ளவை மட்டும்' என்று செலக்டருக்குள்ளேயே (வேண்டிய பகுதியை எடுக்கும் அந்த அம்புக்குறி ஃபங்ஷன்) ஃபில்டர் போட்டால் ஒவ்வொரு முறையும் புது அரே (பட்டியல்) பிறக்கும். உள்ளே இருப்பது அதே பொருட்கள்தான், ஆனால் ஸுஸ்டாண்ட் ஒப்பிடுவது அரே அதேதானா என்பதை. 5-ஆம் பதிப்பில் இது முடிவில்லாத சுற்றாகி, அப்டேட் ஆழம் மீறிவிட்டது என்ற பிழையோடு பக்கம் நின்றுவிடும். யூஸ்ஷாலோ என்ற துணை ஹூக்கை அந்தச் செலக்டரைச் சுற்றிப் போடுங்கள், அது உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிடும். அல்லது முழுப் பட்டியலை வாங்கிக் கம்போனன்ட்டுக்குள் ஃபில்டர் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத் திட்டம் ஐந்து வருடமாக ரீடக்ஸில் ஓடுகிறது. புதிதாக வந்தவர்கள் மொத்தத்தையும் ஸுஸ்டாண்டுக்கு மாற்ற வேண்டும் என்று நிற்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகி, சென்னை

பதில்: வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் ரீடக்ஸைப் பிரித்துப் போடுவதால் உங்கள் பயனருக்கு ஒரு பைசா லாபம் இல்லை. 2015-இல் வந்த ரீடக்ஸில் ஒரு சின்ன மாற்றத்துக்கும் ஆக்‌ஷன், ரெடியூசர், மாறிலி என்று மூன்று கோப்பைத் தொட வேண்டியிருந்ததால்தான் அந்தக் கெட்ட பெயர். அதன் அதிகாரப்பூர்வத் துணைத் தொகுப்பான ரீடக்ஸ் டூல்கிட் வந்த பிறகு அந்தச் சுமை நிறையவே குறைந்துவிட்டது. இன்னும் பழைய முறையில் எழுதிக்கொண்டிருந்தால் முதலில் டூல்கிட்டுக்கு நகருங்கள், அதைக் கோப்பு கோப்பாகவே செய்யலாம். பெரிய குழுவில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதியாக வேண்டும் என்ற கட்டுப்பாடு ரீடக்ஸின் பலம். ஸுஸ்டாண்ட் தரும் சுதந்திரத்தில் 20 பேர் 20 விதமாக எழுதுவார்கள்.

கேள்வி: ஸுஸ்டாண்டின் பெர்சிஸ்ட் மிடில்வேர் (ஸ்டோரின் தரவைச் சேமித்துவைக்கும் துணை) மூலம் கூடையை லோக்கல் ஸ்டோரேஜில் (பிரவுசரின் சேமிப்பிடம்) வைத்திருக்கிறேன். புதுப் பதிப்பு ஏற்றிய மறுநாள் பழைய வாடிக்கையாளர்கள் சிலருக்கு மட்டும் வெள்ளைத் திரை. எங்கள் போனில் ஒரு குறையும் இல்லை. எங்கே தேடுவது?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் போனில் வராததற்குக் காரணம், நீங்கள் அடிக்கடி ஸ்டோரேஜை அழிக்கிறீர்கள். அவர்கள் போனில் பழைய வடிவத் தரவு அப்படியே கிடக்கிறது. பெர்சிஸ்ட் அதை எடுத்துப் புது ஸ்டேட்டின் மேல் போடும்போது மேல் அடுக்கை மட்டும்தான் சேர்க்கும், உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டின் இடத்தில் பழையதை அப்படியே வைத்துவிடும். ஆகவே முகவரி என்ற ஆப்ஜெக்டுக்குள் நீங்கள் புதிதாகச் சேர்த்த பின்கோடு காணாமல் போய், அதைப் படிக்கும் வரி உடைந்து, திரை வெள்ளையாகிறது. வெர்ஷன் எண்ணை ஒன்று கூட்டி, பழைய வடிவத்தைப் புதியதாக்கும் மைக்ரேட் ஃபங்ஷனை எழுதுங்கள். எண்ணைக் கூட்டிவிட்டு மைக்ரேட் எழுதாமல் விட்டால் பழைய தரவை அது ஒதுக்கிவிடும், வாடிக்கையாளருக்குக் கூடை காலியாகத் தெரியும்.

நானும் இதில் அடிபட்டிருக்கிறேன். ஒரு ஜவுளிக் கடைக்கு வேலை செய்தபோது கூடையை விலையோடு சேர்த்துச் சேமித்துவிட்டேன். ஆடித் தள்ளுபடி முடிந்த மறுநாள் காலை, கூடையில் 899 என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டும் இடத்தில் 1,299 என்று பார்த்தவர்கள் கடைக்குப் போன் செய்து ஏமாற்றுகிறீர்களா என்று சண்டை போட்டார்கள். போனை எடுத்த அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து பார்ஷியலைஸ் என்ற விருப்பத்தைப் பயன்படுத்திப் பொருளின் அடையாள எண், எண்ணிக்கை இரண்டை மட்டும் சேமிக்கிறேன். விலை, கையிருப்பு, பெயர் எல்லாம் சர்வர் சொல்வதுதான், அவற்றை, சர்வர் தரவைக் கவனிக்கும் லைப்ரரியான டான்ஸ்டாக் குவெரி போன்ற ஒன்றிடம் விட்டுவிடுங்கள். எப்போது பழசாகிறது, எப்போது மறுபடி கேட்பது என்பதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: ரியாக்ட்டைச் சர்வரிலும் ஓட்டும் நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் இதே ஸுஸ்டாண்ட் ஸ்டோரை அப்படியே வைக்கலாமா?
- வாசகி, கோவை

பதில்: அப்படியே வைக்காதீர்கள். கோப்பின் மேல் மட்டத்தில் உருவாக்கிய ஸ்டோர் சர்வரில் ஒன்றே ஒன்றாக இருந்து எல்லோருடைய கோரிக்கைக்கும் பொதுவாகிவிடும். அங்கே அதில் லாகின் விவரத்தை எழுதினால், ஒருவர் பெயர் இன்னொருவர் பக்கத்தில் வரும் ஆபத்து உண்டு. கிரியேட்ஸ்டோர் கொண்டு ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி ஸ்டோர் செய்து, அதைக் கான்டெக்ஸ்ட் வழியாகக் கீழே கொடுங்கள். மேலே ஈரோட்டு வாசகருக்கு வேண்டாம் என்ற கான்டெக்ஸ்ட்டையே இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது அது சுமப்பது ஸ்டோரை மட்டும்தான். உள்ளே கூடை எத்தனை முறை மாறினாலும் அந்த ஸ்டோர் அதேதான், அதனால் யாரும் வீணாக மறுபடி ஓடுவதில்லை.