கருகியது சிப்தான், கீபோர்டு இல்லை
காரைக்குடி நண்பருக்கு, இடி விழுந்த இரவில் உங்கள் கம்ப்யூட்டர் கீபோர்டின் கன்ட்ரோலர் சிப் (எந்தக் கீ அழுத்தப்பட்டது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சிப்) கருகி 87 கீயும் செத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கீகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதே சிப்பைத் தேடி அலையாதீர்கள். கிடைத்தாலும் உள்ளே புரோகிராம் இருக்காது.

சிப்பின் கால்களைக் கூரான பிளேடால் நறுக்கி எடுங்கள். சூடாக்கி நெம்பினால் செம்புத் தடமும் கூடவே பெயர்ந்துவிடும். அப்புறம் மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்து, எந்தக் கால் எந்த வரிசைக்குப் போகிறது என்று தாளில் குறியுங்கள். இதற்கே ஒரு மாலை ஆகும். கீகள் குறுக்கே 6, நெடுக்கே 17 வரிசையாக இணைந்திருந்தால், வரிசைக்கு ஒன்றாக மொத்தம் 23 ஒயர். அவற்றைச் செத்த சிப்புக்குப் பதிலாக ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டில் இணையுங்கள். அதில் இதற்குப் பயன்படும் பின் 26 உண்டு. கியூஎம்கே என்ற இலவச கீபோர்டு புரோகிராமை பிக்கோவில் ஏற்றியும் எழுத்து வராவிட்டால், அந்தப் புரோகிராமில் டயோடு திசை என்ற அமைப்பை மாற்றிப் பாருங்கள்.

சால்டரிங்கை மேசையில் செய்யுங்கள். ஆத்தங்குடிக் கல்லில் நான் ஈயம் சொட்டிய இடத்தை எங்கள் ஆச்சி இன்னமும் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.