தாய்லாந்து பிஎல் (ஆண்-ஆண் காதல்) தொடர்களில் உங்களை மிகவும் ஏமாற்றிய முடிவு எது? ஏன்?

யோசிக்கவே வேண்டாம், 'டுகெதர்'தான். 2020 பிப்ரவரி 21 முதல் மே 15 வரை வெள்ளிக்கிழமைதோறும் ஜிஎம்எம் 25 சேனலில் வந்த 13 பகுதித் தொடர். ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம் அது. ஒவ்வொரு பகுதியையும் நான்கு துண்டாக்கி, ஆங்கில சப்டைட்டிலோடு யூடியூபில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தாய்லாந்துத் தொடர் எதையும் அதுவரை பார்த்திராத எத்தனையோ பேர் இந்தத் தொடர் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். நானும் அப்படி வந்தவள்தான். பிடிக்காத தொடர் எப்படி முடிந்தாலும் எனக்குக் கவலையில்லை. இது மிகவும் பிடித்த தொடர், அதனால்தான் இத்தனை வருத்தம்.

இனிமேல் முழுக் கதையையும் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

டைன் சட்டம் படிக்கும் மாணவன். கிரீன் என்ற பையன் காதலிக்கிறேன் என்று விடாமல் பின்னாலேயே சுற்றுகிறான். அவனிடமிருந்து தப்பிக்க, கல்லூரியே கொண்டாடும் கிதார் பையன் சாரவத்திடம் போய், 'என் காதலனாக நடி' என்று கெஞ்சுகிறான் டைன். நடிப்பு மெல்ல மெல்ல நிஜமாகிறது. ஜித்திரெயின் எழுதிய நாவலிலிருந்து எடுத்த கதை. சாரவத்தாக பிரைட், டைனாக வின். தொடர் முழுக்க 'ஸ்க்ரப்' என்ற நிஜ இசைக்குழுவின் பாட்டுகள் ஓடும், டைன் அந்தக் குழுவின் தீவிர ரசிகன். பள்ளியில் படிக்கும்போதே ஒரு ஸ்க்ரப் கச்சேரியில் டைனைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தவன் சாரவத் என்பது நமக்குப் பிறகுதான் தெரியவரும். நடிக்கச் சொல்லிக் கேட்டபோது அவன் முகத்தைச் சுளித்ததெல்லாம் சும்மா. அது தெரிந்த பிறகு முதல் பகுதிகளைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். டைன் பேசிக்கொண்டே போவான், சாரவத் எங்கோ பார்ப்பதுபோல் இருப்பான், டைன் திரும்பிய அடுத்த நொடி பார்வை அவன் மேல் வந்து நிற்கும். பிரைட் அதை அவ்வளவு அளவாகச் செய்திருப்பார்.

அந்தச் சாரவத்தைக் கடைசியில் காணவில்லை. என் குறை இதுதான்.

முடிவு நெருங்கும்போது சாரவத்தின் பழைய தோழி பாம் வருகிறாள். வரட்டும், தப்பில்லை. ஆனால் அவளைப் பற்றி டைனிடம் சாரவத் ஏன் வாய் திறக்கவில்லை? வருடக்கணக்காக ஒருவனையே மனதில் வைத்திருந்தவன், டைன் முகம் கொஞ்சம் வாடினாலும் கண்டுபிடித்துவிடுகிறவன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எதுவும் புரியாதவன்போல் நடந்துகொள்கிறான். டைனும் அப்படியே. மனதில் பட்டதை அந்த நிமிடமே கொட்டிவிடுகிற பையன் அவன். கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் ஒதுங்கிப் போகிறான். இரண்டு பேரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் பிரிவே இல்லை. பகுதிகளை நிரப்பப் பிரிவு தேவைப்பட்டது, அதற்காக இருவருடைய குணத்தையும் மாற்றிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்புறம் பாட்டு, மேடை, சமாதானம் என்று கடைசிப் பகுதி வேகமாக ஓடி முடிந்துவிடுகிறது. மில், புக்கோங் என்ற இன்னொரு ஜோடிக்கெல்லாம் ஏதோ கோடு காட்டினார்களே தவிர, கதையாக ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் 'முத்தக் காட்சிக்காகத்தான் பார்க்கிறீர்களா' என்று சிலர் கேட்பார்கள். இல்லை. ஆனால் ஆரம்பத்தில் இதே சாரவத், தொந்தரவு செய்தால் முத்தம் கொடுத்தே சாய்த்துவிடுவேன் என்று டைனை மிரட்டுகிறவன். காதலிக்காதபோது அவ்வளவு துணிச்சலாக எழுதிய தொடர், காதலர்களாகி ஒரே வீட்டில் இருக்கும்போது இருவரையும் தள்ளித் தள்ளி நிற்க வைக்கிறது. நண்பர்கள் என்று சொன்னாலும் நம்பும்படி இருக்கிறது. ஆணும் பெண்ணும் காதலிக்கும் தொடராக இருந்தால் முடிவில் இப்படித் தயங்கியிருப்பார்களா? இரண்டு ஆண்களின் காதலைச் சொல்லத்தானே தொடரே எடுத்தார்கள். அதைப் பார்த்து மனம் நிறைந்தவர்களில் தங்கள் வாழ்க்கையைத் திரையில் முதன்முதலாகக் கண்டவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்தத் தயக்கம் இன்னும் அதிகமாக வலித்திருக்கும்.

கடைசிக்கு முந்தைய பகுதியில் ஜோடியைப் பிரிப்பது இந்த வகைத் தொடர்களில் கிட்டத்தட்ட வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் 12 பகுதிகள்தான் இருக்கும் என்பதால், 11-ஆம் பகுதி வந்தாலே ரசிகர்கள் பயந்துகொண்டு உட்காருவார்கள். ஆனால் அப்படித்தான் எடுத்தாக வேண்டும் என்று ஒன்றுமில்லை. 'டுகெதர்' தயாரித்த அதே ஜிஎம்எம் டிவி 2021 அக்டோபரில் தொடங்கிய 'பேட் பட்டி'யைப் பாருங்கள். ஓம், நானோன் இருவரும் நடித்தது. பக்கத்துப் பக்கத்து வீடு, பரம்பரைப் பகைபோல் முறைத்துக்கொள்ளும் இரண்டு குடும்பம். பட், பிரான் இருவரும் பிரிவதற்கு அங்கே நிஜமான காரணம் இருக்கிறது. இருந்தும் 11-ஆம் பகுதியில் சண்டை போட்டுப் பிரியவில்லை, சேர்ந்து கடற்கரைக்கு ஓடிப்போகிறார்கள். அதற்குப் பிறகு வீட்டாருக்காகப் பிரிந்ததுபோல் காட்டிக்கொண்டு, தங்களுக்குள் காதலை விடாமல் வைத்திருக்கிறார்கள். பெற்றோர் மனம் மாறி ஆசீர்வாதம் செய்யும் காட்சிகூடக் கிடையாது. ஆனாலும் எனக்கு மனம் நிறைந்தது. முதல் பகுதியிலிருந்து நமக்குத் தெரிந்த அதே பட், அதே பிரான் கடைசி வரை இருந்தார்கள்.

'டுகெதர்' முடிவு பலருக்குக் குறையாகத்தான் பட்டது. அந்த ஆகஸ்டிலேயே 'ஸ்டில் டுகெதர்' என்று ஐந்து பகுதிகள் வந்தன, செப்டம்பர் 11-இல் முடிந்தது. ஒருவன் சியர்லீடிங் குழுத் தலைவன், மற்றவன் இசைக் குழுத் தலைவன், இரண்டு பேருக்கும் நேரமே கிடைப்பதில்லை, அவ்வளவுதான் கதை. ஒரே வீட்டில் இருக்கும் இருவர் எப்படிப் பேசுவார்கள், எப்படிக் கோபித்துக்கொள்வார்கள், எப்படி ஒட்டிக்கொண்டு உட்காருவார்கள் என்பது அதில் இருக்கிறது. தொடரின் கடைசி இரண்டு பகுதியில் வந்திருக்க வேண்டியது இதுதான். 2021 நவம்பரில் வந்த திரைப்படம் பெரும்பாலும் பழைய காட்சிகளின் தொகுப்பு, தவறவிட்டாலும் நஷ்டமில்லை.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: முடிவுக்குப் பயந்து தொடரை விட்டுவிடாதீர்கள், முதல் பத்துப் பகுதிகள் அவ்வளவு அழகு. 13-ஐ முடித்தால் அன்றைக்கே 'ஸ்டில் டுகெதர்' முதல் பகுதியையும் போட்டுவிடுங்கள். எங்களைப்போல் மே மாதத்திலிருந்து ஆகஸ்டு வரை அந்த முடிவை மனதில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் நிலை உங்களுக்கு இல்லை.