எழுதிக் கொடுங்கள், நகல் வையுங்கள்: அஞ்சல் ஊழியர் கேள்வி பதில்

கடலூர் கோட்டத்தில் 36 ஆண்டு கவுன்டரிலும் கணக்குப் பிரிவிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதிக் காலம் சங்கப் பொறுப்பில் இருந்தேன். பணியில் இருப்பவர்தான் பொறுப்பு வகிக்கலாம் என்பது விதி, அதனால் இன்று எனக்குப் பதவி எதுவும் இல்லை. ஆனாலும் தோழர்கள் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

குறிஞ்சிப்பாடி பக்கம் ஏபிபிஎம் (உதவி கிளை போஸ்ட் மாஸ்டர்) ஆகச் சேர்ந்து 4 மாதம் ஆகிறது. சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். சேர்ந்தால் ஐபி (அஞ்சல் ஆய்வாளர்) சார் கோபித்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது. சந்தா எப்படிப் பிடிப்பார்கள்?

பயப்படாதே தங்கச்சி. சங்கம் சேரும் உரிமை அரசியல் சட்டத்தின் 19வது பிரிவில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தியதற்காக யாரும் உன்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. அங்கீகாரம் பெற்ற சங்கம் என்றால் நீ கையெழுத்துப் போட்டுத் தரும் படிவத்தை வைத்துச் சம்பளத்திலேயே சந்தா பிடிப்பார்கள். சங்கம் மாற நினைத்தால் ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் மாதத்தில் படிவம் கொடுக்க வேண்டும். அந்த மாதத்தில் வீடு தேடி வருகிற எல்லாருக்கும் தலையாட்டிவிடாதே. மூன்று கிளைக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து, யார் யாருடைய பிரச்சினையை எடுத்துப் பேசுகிறார்கள் என்று பார். கையெழுத்தைப் பிறகு போடலாம்.

பிபிஎம் (கிளை போஸ்ட் மாஸ்டர்) ஆக இருக்கிறேன். மேளா (கணக்கு பிடிக்கும் முகாம்) என்றால் 20 கணக்கு, 30 கணக்கு என்று டார்கெட் கொடுக்கிறார்கள். போன முறை சொந்தப் பணத்தைப் போட்டு 6 கணக்கு திறந்தேன். என் வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது. என்ன செய்வது?

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. இது உங்கள் ஒருவர் கதை இல்லை. அடுத்தடுத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவரும் 'நமக்கு மட்டும்தான் ஆள் பிடிக்கத் தெரியவில்லை' என்று குமைந்துகொண்டிருக்கிறார்கள்.

முதலில், இனி ஒரு ரூபாய்கூடச் சொந்தப் பணம் போடாதீர்கள். கணக்கு பிடிக்கவில்லை என்பது குற்றம் அல்ல. முயற்சி செய்தீர்களா என்று கேட்கலாம், அதற்குப் பதில் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒரு நோட்டு போடுங்கள். எந்தத் தேதியில் எந்தத் தெருவுக்குப் போனீர்கள், எத்தனை வீடு, என்ன சொன்னார்கள் என்று அன்றன்றைக்கு இரண்டு வரி எழுதி வையுங்கள். மிரட்டல் வாட்ஸ்அப்பில் வந்தால் அழிக்காதீர்கள். வாய்வழியாக வந்தால், 'இன்று தொலைபேசியில் தாங்கள் சொன்னபடி' என்று தொடங்கி ஒரு கடிதம் எழுதி அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாயால் அதட்டுபவர்கள் பலர் காகிதத்தைக் கண்டதும் குரலைத் தாழ்த்துவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். டார்கெட் நெருக்கடியில்தான் பாஸ்புக்கை நம்மிடமே வைத்துக்கொள்ளும் பழக்கம் ஆரம்பிக்கிறது. 'நீயே வைத்துக்கோ தாயி, மாசா மாசம் வந்து கட்டுறேன்' என்று கிழவி சொல்வாள். வாங்காதீர்கள். கணக்கு வேலைக்காக வாங்கியே ஆக வேண்டும் என்றால் எஸ்பி-28 ரசீது கிழித்துக் கையில் கொடுங்கள். என் பொறுப்புக் காலத்தில் ஒரு கிளை அஞ்சலகத்தில் ஆய்வு நடந்தபோது மேசை இழுப்பறையில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய 11 பாஸ்புக் கிடைத்தது. ஒன்றுக்கும் ரசீது இல்லை. பணம் ஒரு பைசா குறையவில்லை, ஆனாலும் அந்த மனிதரைப் புட் ஆஃப் செய்தார்கள், அதாவது விசாரணை முடியும் வரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். புட் ஆஃபில் இருக்கும் ஜிடிஎஸ் ஊழியருக்கு (பிபிஎம், ஏபிபிஎம் போன்ற கிராமப்புற அஞ்சல் ஊழியர்) அவருடைய மாத ஊதியமான டிஆர்சிஏவில் 25 சதவீதமும் அதற்குரிய பஞ்சப்படியும்தான் கிடைக்கும். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர், மாதக் கடைசியில் முந்திரி உடைக்கப் போனார். அவர் வழக்கை முடித்துத் திரும்ப வேலையில் உட்கார வைக்க எங்களுக்கு ஒன்றரை ஆண்டு ஆனது.

வீட்டுக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள் அம்மா.

புதுச்சேரியில் தபால்காரராக இருக்கிறேன். கடலூர் தோழர்களின் ஆர்ப்பாட்டம் திருச்சி மண்டலத்தை எதிர்த்து நடக்கிறது, எங்களுடையது சென்னையை எதிர்த்து. 20 கிலோமீட்டரில் இப்படி ஏன்?

இரண்டு ஊரும் தமிழ்நாடு அஞ்சல் வட்டம்தான். கடலூர் கோட்டம் திருச்சியைத் தலைமையாகக் கொண்ட மத்திய மண்டலத்தில் இருக்கிறது, புதுச்சேரி கோட்டம் சென்னை நகர மண்டலத்தில். உங்கள் யூனியன் பிரதேசத்திலேயே மாஹே கேரள வட்டத்திலும் ஏனாம் ஆந்திர வட்டத்திலும் போய்விடும். தபால் வரைபடம் மாநில எல்லையைப் பார்த்துப் போட்டதல்ல. பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்த ஊர், ஆனால் பின்கோடு கடலூரைப் போல 607ல் தொடங்குகிறது. ஆகவே, பொதுக் கோரிக்கைக்குச் சேர்ந்து நில்லுங்கள். பீட் (தபால் கொடுக்கும் பகுதி) பிரச்சினை, லீவு, இடமாற்றம் போன்றவற்றை அவரவர் கோட்டத்தில் கொடுங்கள். தவறான முகவரிக்குப் போன மனு மாதக்கணக்கில் தூங்கும்.

2018 ஜிடிஎஸ் வேலைநிறுத்தம் பற்றிப் பெரியவர்கள் பெருமையாகப் பேசுகிறார்கள். நான் 2022ல் சேர்ந்தவன். உண்மையில் அதில் என்ன கிடைத்தது?

நீங்கள் இன்று வாங்கும் டிஆர்சிஏ அதில் கிடைத்ததுதான் தம்பி.

ஜிடிஎஸ் ஊதியத்தை ஆராயப் போட்ட கமலேஷ் சந்திரா குழு 2016 நவம்பரிலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. ஒன்றரை ஆண்டு அது கோப்பில் கிடந்தது. 2018 மே 22 அன்று ஜிடிஎஸ் ஊழியர்கள் நாடு முழுக்க வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கத்திரி வெயில். கோட்ட அலுவலகத்துக்கு எதிரில் ஓலைப்பந்தல் போட்டோம். பண்ருட்டி பக்கத் தோழர் ஒருவர் சைக்கிள் கேரியரில் ஒரு பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். கத்திக்கு நல்லெண்ணெய் தடவி அவரே அரிந்து, சுளையைத் தினத்தந்தித் தாளில் வைத்து எல்லாருக்கும் நீட்டினார். அன்றைக்குப் பலபேருக்கு மதியச் சாப்பாடு அதுதான். வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்று தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் நாள், பத்தாம் நாள் வீட்டிலிருந்து போன் வரும். எழுந்து பந்தலுக்கு வெளியே போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்காருவார்கள்.

16வது நாள், ஜூன் 6 அன்று, மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஜூலை 1 முதல் பிபிஎம்முக்கு 4 மணி நேர வேலை என்றால் 12,000, 5 மணி நேரம் என்றால் 14,500. ஏபிபிஎம், டாக் சேவக்குக்கு 10,000, 12,000. அதன்மேல் பஞ்சப்படி, ஆண்டுக்கு 3 சதவீத உயர்வு. பெண்களுக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பு வந்தது. அதற்கு முன்னால் பச்சைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எம்.ஓ. (மணியார்டர்) எழுதிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

கிடைக்காததையும் சொல்ல வேண்டும். நிரந்தர ஊழியர் என்ற நிலை கிடைக்கவில்லை, ஓய்வூதியமும் கிடைக்கவில்லை. 1977லேயே ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பணி சிவில் பதவி என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும் விதியில் 'மத்திய சிவில் பணிக்கு வெளியே' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 65 வயது வரை வெயிலில் தபால் கொடுத்தவருக்குக் கடைசியில் ஓய்வூதியம் இல்லை என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

8வது ஊதியக் குழுவில் ஜிடிஎஸ் வருமா, வராதா?

குழுவின் ஆய்வு வரம்புக்கு 2025 அக்டோபர் 28 அன்று அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நீதிபதி ரஞ்சனா தேசாய் தலைவர். ஜிடிஎஸ்ஸுக்கு எப்போதும் தனிக் குழுதான் போட்டிருக்கிறார்கள்: தல்வார், நடராஜமூர்த்தி, கமலேஷ் சந்திரா. இதில் தல்வார் மட்டுமே நீதிபதி. மற்ற இருவரும் துறையிலிருந்து வந்த அதிகாரிகள். ஊதியக் குழுவிலேயே சேர், இல்லையென்றால் நீதிபதி தலைமையில் குழு போடு என்று சங்கங்கள் கேட்பது இதனால்தான். 'வந்துவிட்டது' என்று தேதியும் தொகையும் போட்டு போனில் சுற்றும் எதையும் நம்பாதீர்கள். அரசாணை எண் இல்லாத செய்தி செய்தி அல்ல.

எழுத்தராக இருக்கிறேன். ரூல் 14ல் (பெரிய தண்டனைக்கான விசாரணை விதி) சார்ஜ் ஷீட் வந்திருக்கிறது. ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்தால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று ஒரு அதிகாரி சொல்கிறார்.

கொடுக்காதீர்கள். பதில் தர 15 நாள் இருக்கிறது. முதல் நாளே கிளைச் செயலாளரைப் பாருங்கள். சார்ஜ் ஷீட்டோடு இணைத்த ஆவணப் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றையும் நீங்கள் நேரில் பார்த்தீர்களா என்று டிக் அடியுங்கள். பார்க்காத ஆவணம் இருந்தால் பார்க்க அனுமதி கேட்டு எழுதுங்கள். விசாரணையில் உங்களுக்கு உதவ ஒரு சக ஊழியரை வைத்துக்கொள்ள உரிமை உண்டு. தண்டனை உத்தரவு வந்தால் மேல்முறையீட்டுக்கு 45 நாள். உத்தரவு கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.

2023ல் எங்கள் சம்மேளனத்தின் அங்கீகாரத்தை எடுத்துவிட்டார்கள். இனிமேல் சங்கத்தில் இருந்து என்ன பயன் என்று பலர் விலகுகிறார்கள்.

2023 ஏப்ரல் 25 அன்று என்எஃப்பிஇ என்ற அஞ்சல் ஊழியர் சம்மேளனத்துக்கும் அதன் குரூப் சி சங்கத்துக்கும் கொடுத்திருந்த அங்கீகாரத்தைத் துறை திரும்பப் பெற்றது. அங்கீகாரம் போனால் முறைப்படியான பேச்சுவார்த்தை போகும், சம்பளத்தில் சந்தா பிடிப்பது நிற்கும், நிர்வாகிகளுக்கான சலுகைகள் நிற்கும். சங்கம் போகாது. 1946 ஜூலையில் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும், 1968 செப்டம்பர் 19 அன்று மத்திய அரசு ஊழியர்கள் தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியம் கேட்டு ஒருநாள் நின்றபோதும் அரசு சாதகமாகவா இருந்தது? 68ல் துப்பாக்கிச் சூட்டில் ஊழியர்கள் செத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள்.

எனக்கு ஒரு கருத்து உண்டு, சிலருக்குப் பிடிக்காது. சம்பளத்திலேயே சந்தா பிடிக்க ஆரம்பித்ததும் நம் நிர்வாகிகள் பலர் உறுப்பினரைத் தேடிப் போவதை விட்டுவிட்டார்கள். ரசீதுப் புத்தகத்தோடு அலுவலகம் அலுவலகமாகச் சைக்கிளில் போன காலத்தில், பத்து ரூபாய் வாங்கும்போது பத்துக் குறையும் காதில் விழும். அந்த நடையைத் திரும்பத் தொடங்க வேண்டிய நேரம் இது.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு வழக்கறிஞரின் குமாஸ்தா: நான் ஊழியர் இல்லை. பதிவுத் தபாலை ஏன் எடுத்துவிட்டீர்கள்? நோட்டீஸ் அனுப்பச் சிரமமாக இருக்கிறது.

எடுத்தது ஊழியர்கள் இல்லை ஐயா. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு துறை இணைத்துவிட்டது. முகவரிதாரர் கையில் மட்டுமே சேர வேண்டும் என்றால் ஸ்பீட் போஸ்ட்டிலேயே பதிவுச் சேவையைக் கேட்டு வாங்குங்கள், கூடுதலாக 5 ரூபாயும் ஜிஎஸ்டியும். கவுன்டரில் வாய்திறந்து கேட்டால்தான் போடுவார்கள்.

அஞ்சல் தேர்வுக்குப் படிக்கிறேன். தமிழில் எழுதலாமா?

எழுதலாம் தம்பி. 2019 ஜூலை 14 அன்று தபால்காரர் தேர்வின் முதல் தாளை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் நடத்தினார்கள். இங்கே ஆர்ப்பாட்டம், மாநிலங்களவையில் அமளி. இரண்டே நாளில் தேர்வு ரத்து, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் மறுபடி நடக்கும் என்று அமைச்சர் அவையில் அறிவித்தார். தெருவில் நின்றதற்கு இவ்வளவு வேகமாகப் பலன் வந்து நான் வேறு பார்த்ததில்லை.

புயல் நேரத்தில் வேலைக்குப் போக முடியாவிட்டால் லீவு போட வேண்டுமா?

ஜிடிஎஸ் என்றால் ஆண்டுக்கு 5 நாள் அவசர விடுப்பு இருக்கிறது, அரையாண்டுக்கு 10 நாள் ஊதிய விடுப்பும் இருக்கிறது. முதலில் அவசர விடுப்பைப் பயன்படுத்துங்கள். சாலை துண்டிக்கப்பட்டதைப் படம் எடுத்து, மின்சாரம் வந்ததும் அனுப்புங்கள்.

2011 டிசம்பர் 30 காலை 'தானே' கரையைக் கடந்தது. மூன்றாம் நாள் கடலோரக் கிளை ஒன்றுக்கு நடந்தே போனேன், வழியெல்லாம் முந்திரி மரம் வேரோடு கிடந்தது. அந்த பிபிஎம் வீட்டு ஓடு பாதி இல்லை. திண்ணையில் கொடி கட்டி, முதியோர் உதவித்தொகைக்கு வைத்திருந்த நோட்டுகளைத் துணி கிளிப் போட்டு வரிசையாகக் காயப் போட்டிருந்தார். பக்கத்தில் எம்.ஓ. படிவங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல். 'கிழங்கட்டைங்க சாயங்காலம் வருவாங்க சார், ஈரநோட்டா எப்படிக் குடுக்கிறது' என்றார். அவர் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. அந்த ஊழியருக்குப் புயல் முன்பணம் கேட்டுத்தான் நான் என் வாழ்நாளில் அதிக மனு எழுதினேன்.

என் கணவர் ஏபிபிஎம். போன மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டார். 41 வயது. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

அம்மா, என் வருத்தத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். முதலில் இறப்புச் சான்றிதழ் 5 நகல், வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் மனு. இவை கையில் வரும் வரை காத்திருக்காமல், இறந்த செய்தியை ஐபி அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு வர வேண்டியவை: பணிக்கொடைத் தொகை, எஸ்டிபிஎஸ் (பணி முடியும்போது தரச் சேர்க்கும் நிதி) கணக்கில் சேர்ந்த பணம், குழுக் காப்பீடு, இறந்த மாதத்துச் சம்பள பாக்கி. ஒவ்வொன்றுக்கும் தனித் தனி விண்ணப்பம். கருணை அடிப்படையில் வேலைக்கும் உடனே எழுதிக் கொடுங்கள், பிள்ளைகள் வளரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். குடும்ப நிலையைப் பற்றிக் கேட்கலாம். ஆகவே வாடகை வீடா, கடன் எவ்வளவு, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதற்கெல்லாம் சான்று சேருங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து யார் கேட்டாலும் போடாதீர்கள். உங்கள் பகுதிக் கிளைச் செயலாளரிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அவரும் ஒரு பெண் தோழரும் வீட்டுக்கு வருவார்கள். உங்கள் கணவருடைய பாஸ்புக், அடையாள அட்டை, கடைசிச் சம்பளச் சீட்டு மூன்றையும் எடுத்து வையுங்கள்.