பிடித்த எழுத்தாளரை நேரில் பார்த்தால் என்ன பேசுவது?

கேள்வி: பனியன் கம்பெனி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வயது 27. பள்ளி நாளிலிருந்து ஒரு நாவலாசிரியரை விடாமல் படித்துவருகிறேன். போன ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் வரிசையில் நின்று அவரிடம் கையெழுத்து வாங்கினேன். "உங்க எல்லா புக்கும் படிச்சிருக்கேன் சார்" என்றேன். "சந்தோஷம்மா" என்றார். அத்துடன் முடிந்தது. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கரிசல் எழுத்தாளர் கி.ரா.வையும் (கி. ராஜநாராயணன்) இப்படித்தான் பார்க்கணும், பார்க்கணும் என்று தள்ளிப்போட்டு, பார்க்காமலே போனது. இவரையாவது நிதானமாகச் சந்தித்துப் பேச ஆசை. வீட்டுக்குப் போகலாமா? தனியாகப் போகலாமா? என்ன பேசுவது?
— வாசகி, திருப்பூர்

பதில்: சிக்கல் அந்த ஒற்றை வாக்கியத்தில் இருக்கிறது. "எல்லா புக்கும் படிச்சிருக்கேன்" என்றால் "சந்தோஷம்" என்பதைத் தவிர அவர் என்ன சொல்ல முடியும்? அன்று மாலை அதையே வரிசையில் நின்ற பாதிப் பேர் சொல்லியிருப்பார்கள். பேச்சு தொற்றிக்கொள்ள ஒரு பிடி வேண்டும். அடுத்த முறை போகுமுன் அவருடைய ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் திரும்பப் படியுங்கள். அதில் உங்களை உறுத்திய ஓர் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இருநூறு பக்கம் பேசிக்கொண்டே வந்த பாத்திரம் கடைசி அத்தியாயத்தில் வாயே திறக்காமல் போவது ஏன்? ஊர்ப் பெயர்கள் எல்லாம் நிஜமாக இருக்க, ஒன்று மட்டும் ஏன் கற்பனைப் பெயர்? இந்த மாதிரி. இரண்டு வாக்கியத்துக்குள் கேட்டுவிட முடிய வேண்டும். படபடப்பில் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அந்தப் பக்கத்திலேயே செருகி வையுங்கள். சீட்டைப் பார்த்துப் படித்தாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். தயாரித்துக்கொண்டு வந்த வாசகர் என்றுதான் தெரியும்.

"கதை எப்படி சார் தோணுது?", "அந்தப் பொண்ணு நிஜமாவே இருந்தாங்களா?" இரண்டும் வேண்டாம். முதல் கேள்விக்கு எல்லா எழுத்தாளரிடமும் மனப்பாடமான பதில் உண்டு. இரண்டாவது, அவர் வீட்டாரையோ ஊராரையோ வம்புக்கு இழுப்பது. வேறொரு எழுத்தாளரைப் பற்றி அபிப்பிராயம் கேட்பதும், "பிடிஎஃப்ல படிச்சேன் சார்" என்று பெருமையாகச் சொல்வதும் பேச்சை அந்த இடத்திலேயே முறித்துவிடும். திருட்டுப் பிரதியில் அவருக்கு ஒரு காசு வரவில்லை என்பதை நினைவூட்டிவிட்டுக் கையெழுத்து கேட்பது என்ன நியாயம்?

அடுத்தது இடம். சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதல் நடக்கிறது. சமீப வருடங்களில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் தொள்ளாயிரம் கடைகள் வரை போடுகிறார்கள். பொங்கல் விடுமுறையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நிற்க இடமிருக்காது. நீங்கள் நின்ற வரிசையே சாட்சி. பின்னால் இருபது பேர் காத்திருக்கும்போது ஒருவரிடம் இரண்டு நிமிடம் பேசினால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று எழுத்தாளருக்குத் தெரியும். அதனால் அவரே சுருக்கிவிடுவார். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலைநாட்களில் பெரும்பாலும் பிற்பகலில்தான் காட்சியைத் திறக்கிறார்கள். நான்கு மணியிலிருந்து ஐந்தரைக்குள், அலுவலகம் விட்டு ஜனம் வந்து சேர்வதற்கு முன், பதிப்பகக் கடைகள் காலியாகக் கிடக்கும். எந்தக் கடையில் எப்போது இருப்பேன் என்று பெரும்பாலான எழுத்தாளர்கள் அன்று காலையே முகநூலில் போட்டுவிடுகிறார்கள். போடவில்லையென்றால் பதிப்பகத்துக்குப் போன் செய்து கேளுங்கள்.

ஆனால் திருப்பூரில் இருக்கும் நீங்கள் இதற்காகச் சென்னைவரை போக வேண்டியதில்லை. உங்கள் ஊரிலேயே புத்தகத் திருவிழா நடக்கிறது. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவருகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்த விழாக்களுக்கு எழுத்தாளர் மாலைப் பேச்சுக்காக வருவார். பேச்சு முடிந்ததும் மேடையைச் சுற்றிக் கூட்டம், பிறகு சாப்பாடு, ரயிலுக்கு ஓட்டம். மேடை ஏறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பதிப்பகக் கடையில் உட்கார்ந்திருப்பாரே, அதுதான் உங்களுக்கான நேரம்.

நூல் வெளியீட்டு விழாவைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே அவர் கல்யாண வீட்டுக்காரர். வந்தவர்களைக் கவனிப்பதிலேயே பொழுது போய்விடும். முப்பது, நாற்பது பேர் கூடும் விமர்சனக் கூட்டம், வாசகர் சந்திப்பு போன்றவைதான் உங்கள் தேவைக்குச் சரி. கோவையில் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010 முதல் ஆண்டுதோறும் விருது விழா நடத்துகிறது. டிசம்பரில் இரண்டு நாள் நடக்கும் அந்த விழாவில் எழுத்தாளர்களிடம் வாசகர்கள் நேரடியாகக் கேள்வி கேட்கும் அமர்வுகள் உண்டு. படிக்காமல் போனால் பேந்தப் பேந்த முழிக்க வேண்டிவரும். யார் யார் வருகிறார்கள் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் நாவலாசிரியர் இல்லாவிட்டாலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். கேள்வி கேட்கும் பழக்கம் வரும். அரங்கில் மைக் கைக்கு வந்தால் முப்பது விநாடிக்குள் முடியுங்கள். கேள்வி என்ற பெயரில் சொற்பொழிவு ஆற்றுகிறவர் ஊருக்கு ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார்.

வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லாமல் போகக் கூடாது. முதலில் கடிதம். தமிழ்ப் புத்தகங்களில் முன்னுரையின் அடியில் ஊர், தேதி, அதற்குக் கீழே பல நேரம் மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். நாம்தான் முன்னுரையைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அங்கே இல்லையென்றால் பதிப்புரிமைப் பக்கத்தில் உள்ள பதிப்பக முகவரிக்கு, உறையின் மேல் எழுத்தாளர் பெயரும் "மேற்பார்வை: இன்ன பதிப்பகம்" என்றும் எழுதி அனுப்பலாம். எழுபது வயதுக்காரருக்கு மின்னஞ்சலைவிடத் தபால் கைகொடுக்கும். ஒரு பக்கம் போதும். முதல் பத்தியில் நீங்கள் யார். இரண்டாவதில் அந்த ஒரே ஒரு புத்தகம், அந்த ஒரே ஓர் இடம். மூன்றாவதில் சந்திக்க விருப்பம் என்பதும், எந்தெந்த நாள் உங்களுக்குத் தோது என்பதும். உங்கள் முகவரி எழுதி ஐந்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டிய உறை ஒன்றை உள்ளே வையுங்கள். ஆறு வாரம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். உடம்பு முடியாமல் இருக்கலாம், எழுதிக்கொண்டிருக்கலாம், பார்க்க விருப்பமில்லாமலும் இருக்கலாம். மூன்றுமே அவர் உரிமை.

வரச் சொன்னால் காலை பத்தரை அல்லது மாலை ஐந்து மணிக்குக் கேளுங்கள். மதியத் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொன்னாடை வேண்டாம். எல்லா எழுத்தாளர் வீட்டிலும் பீரோ நிறைய இருக்கிறது. பழம் வாங்கிப் போகலாம். சர்க்கரை நோய் இருக்குமோ என்று யோசித்தால் கொய்யாவோ ஆரஞ்சோ பாதுகாப்பு. காது மந்தமாக இருந்தால் பக்கவாட்டில் உட்காராமல் முகம் பார்க்கும்படி எதிரே உட்காருங்கள். கத்த வேண்டாம், நிதானமாகப் பேசினால் போதும். போனில் பதிவு செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். முக்கால் மணி நேரத்தில் நீங்களே எழுந்துவிடுங்கள். "இருங்கம்மா" என்று அவர் சொன்னால் உட்காரலாம். உங்கள் கதையை எழுதி எடுத்துக்கொண்டு போய் நீட்டாதீர்கள். அதற்காகத்தான் வந்தீர்களோ என்று ஆகிவிடும்.

தனியாகப் போவது பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறோம். எழுத்து பிடித்திருப்பது ஆளைத் தெரிந்துவைத்திருப்பதாகாது. முதல் சந்திப்பு பொது இடத்தில் இருக்கட்டும், அல்லது வீட்டில் மனைவி மக்கள் இருக்கும் நேரமாகப் பார்த்து, தோழியையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போங்கள். இதில் புண்படுகிற எழுத்தாளர் என்றால், அவர் வீட்டுக்குப் போகாமல் இருப்பதே நல்லது. பிற்பாடு நள்ளிரவில் வாட்ஸ்அப் வந்தால் பதில் சொல்ல வேண்டிய கடமை வாசகிக்குக் கிடையாது. எவ்வளவு பெரிய விருது வாங்கியவராக இருந்தாலும் சரி.

கி.ரா. 2021 மே 17 அன்று புதுச்சேரியில் காலமானார். பார்க்க முடியாததை மாற்ற வழியில்லை. அவர் உலகத்துக்குள் நுழைய வழி இருக்கிறது. அவருடைய நண்பரான எழுத்தாளர் கு. அழகிரிசாமி அவருக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாக வந்திருக்கின்றன. இருவரும் இடைசெவல் என்ற ஒரே ஊரில், 1923 செப்டம்பரில், ஒரு வார இடைவெளியில் பிறந்தவர்கள். அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டு இடைசெவலுக்குப் போங்கள். ரயிலில் கோவில்பட்டியில் இறங்கி, திருநெல்வேலி சாலையில் பஸ் பிடிக்க வேண்டும். கோவில்பட்டியில் கி.ரா.வுக்கு அரசு கட்டிய நினைவரங்கமும் இருக்கிறது, அதையும் பார்த்துவிடலாம். கரிசலில் மழைக்குப் பிறகு, கார்த்திகை மார்கழியில் போனால் பயிர் நிற்கும். சித்திரையில் போனால் வெடித்துக் கிடக்கும் நிலம். அவர் எழுதியதில் இரண்டுமே உண்டு.

கையெழுத்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறோம். அட்டையில் வாங்காதீர்கள், வழவழப்பான தாளில் ஜெல் பேனா மை காயாமல் இழுவிவிடும். புத்தகப் பெயர் அச்சிட்ட உள்பக்கத்தில், சாதாரண பால்பாயின்ட் பேனாவில் வாங்குங்கள். மைப்பேனா நாவல் தாளில் ஊறி மறுபக்கம் வரை போகும். பேனா உங்களுடையதாக இருக்கட்டும். உங்கள் பெயரில் ஸ்ரீ, ஷ, ஜ எது வந்தாலும் சீட்டில் எழுதிக் காட்டுங்கள். "சிறிதேவி" என்று எழுதிவிட்டால் அப்புறம் அடித்துத்தான் திருத்த வேண்டும். மூடுவதற்கு முன் மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்றை இடையில் வைத்து மூடுங்கள். ஏற்கெனவே வாங்கியிருக்கும் கையெழுத்தை லேமினேட் செய்கிறேன் என்று கடைக்குக் கொண்டுபோய்விடாதீர்கள். பக்கத்தைக் கிழித்தால்தான் அந்த மெஷினுக்குள் போகும்.