வண்டி ஓடுது, ஆனா டோட்டல் லாஸாம்! வாசகர் கேள்விகளும் என் பதிலும்

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்காவாசி ஒரே விஷயம்தான். அடிபட்ட கார இன்சூரன்ஸ் கம்பெனி எப்ப ரிப்பேர் பண்ண விடறாங்க, எப்ப ரிப்பேர் வேண்டாம், டோட்டல் லாஸ்னு பணத்த குடுத்து கைகழுவுறாங்க, அத யாரு எத வச்சு முடிவு பண்றாங்கன்னு கேட்டிருக்கீங்க. கம்பெனிக்கு நஷ்டத்த மதிப்பிட்டுக் குடுக்கற சர்வேயரா ஷெட்டு ஷெட்டா அலைஞ்சு, பல வருஷம் பானெட்டுக்கு அடியில தலைய விட்டுப் பாத்த ஆளு நான். அதனால கம்பெனி கணக்கும் தெரியும், வண்டிக்காரங்க வயித்தெரிச்சலும் தெரியும். ஐடிவின்னு வர்ற இடமெல்லாம், பாலிசில உங்க வண்டிக்கு போட்டிருக்கற மதிப்புன்னு எடுத்துக்குங்க. ஒவ்வொண்ணா பாப்போம்.

"சார், முன்பக்கம் மட்டும்தான் அடி. இன்ஜின் ஒரே சாவில ஸ்டார்ட் ஆகுது, ஷெட்டுக்கே நான்தான் ஓட்டிட்டு வந்தேன். இப்ப டோட்டல் லாஸ்னு சொல்றாங்க. ஏழு வருஷ வண்டி, ஐடிவி 2,60,000. ஏமாத்துறாங்களா?" – திருச்சியில இருந்து

ஏமாத்தல சார். வண்டி ஓடுதா ஓடலையாங்கறதுக்கு இந்தக் கணக்குல இடமே கிடையாது. உங்க பாலிசிய எடுத்து பொடி எழுத்துல இருக்கறத படிங்க, வண்டிய மீட்டுக் கொண்டு வர்ற செலவும் ரிப்பேர் செலவும் சேர்ந்து ஐடிவில 75 சதவீதத்த தாண்டுச்சுன்னா கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ்னு இருக்கும். வண்டி இன்சூரன்ஸுக்கான விதித் தொகுப்பான 2002 இந்தியன் மோட்டார் டாரிஃப்ல வந்த வரி அது. ஓன் டேமேஜ், அதாவது நம்ம வண்டி சேதத்துக்கான பிரீமியத்த கம்பெனிங்களே நிர்ணயம் பண்ணிக்கலாம்னு 2007-ல விட்டுட்டாங்க, ஆனா இந்த 75 மட்டும் இன்னும் அப்படியே நிக்குது.

உங்க வண்டிக்கு அந்த கோடு 1,95,000. நீங்க அனுப்பின போட்டோல ஏர்பேக் ரெண்டும் வெளிய தொங்குது, அங்கயே பாதி கதை முடிஞ்சுது. ஏர்பேக் மட்டும் மாத்தினா போதாது, பயணி பக்கம் டேஷ்போர்டு கிழிஞ்சிருக்கும், சீட் பெல்ட் இழுத்த இழுப்புல லாக் ஆகி நின்னுருக்கும், உள்ள இருந்து ஏர்பேக்க கட்டுப்படுத்தற மாட்யூலும் பெரும்பாலும் புதுசுதான் போடணும். பம்பரும் ரேடியேட்டரும் ஹெட்லைட்டும் இதுக்கு மேல.

இன்னொண்ணு, நீங்களே போய் பாருங்க. நடு பில்லருக்கு நேர் மேல கூரையில உள்ளங்கைய வச்சு முன்னாடி இருந்து பின்னாடி மெதுவா தடவுங்க. கண்ணுக்கு தெரியாது, கைக்கு ஒரு சின்ன அலை மாதிரி தட்டுச்சுன்னா அடி முன்னாடி மட்டும் நிக்கலன்னு அர்த்தம், பாடி ஷெல், அதாவது வண்டியோட மொத்த கூடும் நெளிஞ்சிருக்கு. கதவ மூடும்போது மேல ஒரு இடைவெளி கீழ ஒரு இடைவெளி இருந்தாலும் அதே கதைதான். ஷெல் மாத்தணும்னு சர்வேயர் எழுதிட்டா ஏழு வருஷ வண்டில அதுக்கு மேல பேச்சே இல்ல.

"எஸ்டிமேட் 4,10,000. ஐடிவி 4,80,000. 85 சதவீதம் வருது, ஆனா டோட்டல் லாஸ் தர மாட்டேங்கறாங்க, ரிப்பேர்தான் பண்ணணுமாம், அதுவும் 1,29,000 நான் கையில இருந்து போடணுமாம். வண்டிக்கு நாலரை வயசு, 1200 சிசி. இது என்ன நியாயம்ங்க?" – கோயமுத்தூர் வாசகர்

இதுதாங்க இந்த தடவை வந்ததுலயே உருப்படியான கேள்வி, நிறைய பேரு மாட்டிக்கற எடமும் இதுதான். 75 சதவீதத்த ஷெட்டுக்காரர் எஸ்டிமேட்ட வச்சு பாக்கறதில்ல. "பாலிசி விதிகளுக்கு உட்பட்டு"ன்னு நடுவுல ஒரு வார்த்தை இருக்கு, அதனால தேய்மானம் கழிச்சு கம்பெனி கட்ட வேண்டியது எவ்வளவோ அத வச்சுத்தான் சர்வேயர் கணக்கு போடுவார்.

உங்க எஸ்டிமேட்டையே எடுத்துக்குவோம். இரும்பு பார்ட்ஸ் 1,80,000, நாலு வருஷம் தாண்டி அஞ்சுக்குள்ள இருக்கறதால 35 சதவீதம் கழியும், நிக்கறது 1,17,000. பிளாஸ்டிக், ரப்பர், ஏர்பேக் எல்லாம் சேர்த்து 1,20,000, இதுக்கு வண்டி வயசே பாக்க மாட்டாங்க, நேரா பாதி, 60,000. கண்ணாடி 20,000, அதுக்கு தேய்மானம் இல்ல. லேபர் 50,000 முழுசா உண்டு. பெயின்டிங் 40,000-ல கால் பங்கு பெயின்ட் விலைன்னு வச்சு அதுல பாதி கழிப்பாங்க, 35,000 நிக்கும். மொத்தம் 2,82,000, கிளைம்ல நம்ம பங்கா கழியற கட்டாயப் பிடித்தம் ஆயிரம் போக 2,81,000. ஐடிவில இது 59 சதவீதம் கூட வரல. அதான் ரிப்பேர்.

இதே வண்டிக்கு ஜீரோ டெப் கவர் எடுத்திருந்தீங்கன்னு வைங்க, தேய்மானமே கழிக்காம 4,09,000 கம்பெனி தலையில விழுந்திருக்கும், 85 சதவீதம், டோட்டல் லாஸ். ஒரே வண்டி, ஒரே அடி, ஒரு ஆட்-ஆன் இருக்கா இல்லையாங்கறதுல முடிவே மாறிடுது பாருங்க. ஷெட்டுல உக்காந்து இத சொல்லும்போது என்னை முறைச்சவங்கதான் அதிகம்.

ஆனா ஒரு வழி பாக்கலாம். வண்டிய இன்னும் முழுசா பிரிக்கலன்னு சொல்றீங்க. பிரிச்சதுக்கப்புறம் சப்ளிமென்டரி எஸ்டிமேட் வரும், கியர்பாக்ஸ் கேஸிங்ல விரிசல் அது இதுன்னு தொகை ஏறலாம். உங்க கோடு 3,60,000, அதுக்கு இன்னும் 79,000 தேறணும். ரிப்பேர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, பிரிச்சுப் போட்ட நிலையில சர்வேயர மறுபடி வந்து பாக்கச் சொல்லுங்க. வேலை பாதி முடிஞ்சப்புறம் கேட்டா யாரும் திரும்பி கூட பாக்க மாட்டாங்க.

"டோட்டல் லாஸ் ஆன வண்டிய நானே வச்சுக்கலாமா? எங்க ஊர் மெக்கானிக் ரெண்டு லட்சத்துல முடிச்சுத் தர்றேங்கறார்." – மதுரை

வச்சுக்கலாம்ண்ணே. அடிபட்ட வண்டிய இருக்கற நிலையிலயே போட்டோ போட்டு ஏலத்துல விடுவாங்க, சால்வேஜ், அதாவது இப்படி அடிபட்டுக் கிடக்கற வண்டிய வாங்கற ஆளுங்க ஆன்லைன்ல விலை கேப்பாங்க, எவன் அதிகம் கேட்டானோ அதுதான் உங்க வண்டியோட சால்வேஜ் மதிப்பு. ஐடிவி 5,00,000, சால்வேஜ் 1,60,000-ன்னா மிச்சம் 3,40,000-ல பிடித்தம் போக உங்க கைக்கு வரும், வண்டியும் உங்க கிட்டயே இருக்கும். நெட் ஆஃப் சால்வேஜ்னு சொல்லுவாங்க.

கம்பெனி உள்ளுக்குள்ள பாக்கறதும் இதத்தான். ரிப்பேர்னா எவ்வளவு போகும், ஐடிவில சால்வேஜ கழிச்சா எவ்வளவு போகும்னு ரெண்டையும் சர்வேயர் எழுதிக் குடுப்பார், எது கம்மியோ அங்கதான் கம்பெனி மனசு சாயும். ரிப்பேர் பண்ணித் தர்றதா, பணமா குடுக்கறதான்னு தேர்ந்தெடுக்கற உரிமையும் பாலிசில அவங்களுக்குத்தான் இருக்கு. அதனால சில நேரம் 75-ஐ தொடாத வண்டிக்கு கூட, சால்வேஜ் விலை நல்லா வந்தா, "வண்டிய விட்டுட்டு பணமா வாங்கிக்கறீங்களா"ன்னு அவங்களே கேப்பாங்க. மார்க்கெட்ல கிராக்கி இருக்கற மாடலுக்கு இது நிறைய நடக்கும்.

மெக்கானிக் சொன்ன ரெண்டு லட்சத்த ஒரு தடவை யோசிங்க. ஏர்பேக் இல்லாம, பழைய பார்ட்ஸ் போட்டு, இழுத்துத் தட்டி நேராக்கறதா இருந்தா அந்த தொகைக்கு முடியலாம். குடும்பத்த ஏத்திட்டு நான்கு வழிச் சாலைல போற வண்டின்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

வண்டிய விட்டுடறதா இருந்தா ஆர்.சி. விஷயத்துல அசால்டா இருக்காதீங்க. வண்டி இனி ஓடவே லாயக்கில்லன்னு ஆயிட்டா 14 நாளுக்குள்ள ஆர்டிஓ-வுக்கு தெரியப்படுத்தணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவு சொல்லுது. ஆர்.சி.ய கேன்சல் பண்ணாம வித்தா என்ன ஆகும்னா, உங்க நொறுங்கின வண்டியோட சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யும் எங்கயோ திருடின அதே மாடல் வண்டிக்குப் போயிடும், அது உங்க பேர்லயே ஊர் சுத்தும். கைய மாத்தி விட்டாலும் ஆர்டிஓ ரெக்கார்டுல யாரு பேரு இருக்கோ அவர்தான் ஓனர்னு 2018-ல உச்சநீதிமன்றமே சொல்லியிருக்கு, அந்த வண்டி யார் மேலயாவது மோதினா நஷ்டஈடு நோட்டீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும். காயலான் கடைக்காரர் "நான் பாத்துக்கறேன் சார்"னு சொல்றத நம்பி பேப்பர தூக்கிக் குடுக்காதீங்க.

"பிரீமியம் குறையுமேன்னு ஏஜென்ட் ஐடிவிய கம்மியா போட்டுக் குடுத்தார். இப்ப ஆக்சிடென்ட். வெளிய 5 லட்சம் போற வண்டிக்கு 3,20,000-தான் தருவேங்கறாங்க." – நாகர்கோவில்

அதுக்கு மேல ஒரு ரூபா வராது மேடம். சொல்ல கஷ்டமாத்தான் இருக்கு. ஐடிவி கம்மின்னா நஷ்டம் ரெண்டு பக்கமும் இருக்கு, கிடைக்கற தொகையும் கம்மி, 75 சதவீதக் கோடும் கீழ இறங்கிடும். உங்க வண்டிக்கு அது 2,40,000-க்கு வந்து நின்னுடுச்சு. ஐடிவி 5 லட்சமா இருந்திருந்தா அது 3,75,000, உங்க அடிக்கு ரிப்பேர் பண்ணி ஓட்டிட்டு போயிருக்கலாம். பிரீமியத்துல மிச்சம் புடிச்சது ஓரிரண்டாயிரம் இருக்கும்.

அஞ்சு வருஷம் வரைக்கும் ஐடிவிக்கு அட்டவணை இருக்கு. ஷோரூம் விலைல ஆறு மாசத்துக்குள்ள 5 சதவீதம், ஒரு வருஷத்துக்குள்ள 15, அப்புறம் வருஷா வருஷம் 20, 30, 40, 50-ன்னு கழியும். அஞ்ச தாண்டினா நீங்களும் கம்பெனியும் பேசி வைக்கறதுதான். ரினியூவல் அன்னிக்கு அத பாக்காம ஓகே தட்டறோம், அங்கதான் கோட்டை விடறோம். ஒண்ணு நமக்கு சாதகம், ஒருதடவை போட்ட ஐடிவிய அந்த பாலிசி முடியற வரைக்கும் டோட்டல் லாஸுக்கு திரும்ப தேய்மானம் கழிச்சுக் குறைக்க முடியாது. பத்து மாசம் ஆயிடுச்சு, மார்க்கெட் விலை எறங்கிடுச்சுன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, 2008-லயே உச்சநீதிமன்றத்துல இது அடிபட்டு, கம்பெனி தானே ஒத்துக்கிட்டு பிரீமியம் வாங்கின மதிப்புல இருந்து பின்வாங்கக் கூடாதுன்னு தீர்ப்பாச்சு.

"லோன் பாக்கி 6,20,000, ஐடிவி 5,50,000. செக் யாருக்கு வரும்?" – தாம்பரம்

பேங்குக்கு. ஆர்.சி.ல எச்.பி., அதாவது லோன் குடுத்த பேங்க் பேரு இருக்கற வரைக்கும் அவங்களுக்குத்தான் முதல்ல. மிச்சம் 70,000 சொச்சம் வண்டியே இல்லாம நீங்க கட்டணும், கிளைம் முடியற வரைக்கும் ஈ.எம்.ஐ.யும் நிக்காது, நிறுத்தினா சிபில் கடன் ஸ்கோர் அடிவாங்கும். புது வண்டிக்கு ரிடர்ன் டு இன்வாய்ஸ் கவர் எடுங்கன்னு சொல்றது இதுக்குத்தான், டோட்டல் லாஸ் ஆனா ஐடிவிக்கும் பில் விலைக்கும் நடுவுல இருக்கற பள்ளத்த அது ரொப்பும். முதல் ரெண்டு மூணு வருஷத்துக்கு கண்டிப்பா வேணும்ங்கறது என் அபிப்பிராயம்.

"சர்வேயர் போட்ட தொகை எனக்கு சம்மதம் இல்ல. அவர் சொன்னா முடிஞ்சுதா?" – சேலம்

முடியல தம்பி. சர்வேயர் ரிப்போர்ட் கடைசி வார்த்தை கிடையாதுன்னு 2009-ல உச்சநீதிமன்றம் சொல்லியாச்சு, இத நானே சொல்றது கொஞ்சம் சிரிப்பாத்தான் இருக்கு. முதல்ல ரிப்போர்ட் காப்பி எழுத்துல கேளுங்க. எந்த பார்ட்ட "மாத்தணும்"ல இருந்து "தட்டி சரி பண்ணலாம்"னு மாத்தியிருக்கார், எந்த பார்ட்டுக்கு எவ்வளவு தேய்மானம்னு வரிக்கு வரி பாருங்க, தப்பு இருந்தா அங்கதான் இருக்கும். வாய்ல கத்தறத விட, அந்த வரிய எதிர்த்து ஒரு மெயில் போட்டா வேலை நடக்கும். கம்பெனியோட குறைதீர்ப்பு பிரிவுக்கு எழுதி ஒரு மாசத்துல பதில் இல்லன்னாலோ, பதில் திருப்தி இல்லன்னாலோ இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன்னு இருக்கற குறைகேட்பு அதிகாரி கிட்ட போங்க. 50 லட்சம் வரைக்கும் கேக்கலாம், ஃபீஸ் இல்ல, வக்கீலும் வேண்டாம், தமிழ்நாட்டுக்கு சென்னைல ஆபீஸ் இருக்கு.

இனி துண்டு துண்டா வந்தது.

"போன மாசம்தான் நாலு டயரும் புதுசு போட்டேன், 26,000. அது சேருமா?" சேராதுங்க. டோட்டல் லாஸ்னா ஐடிவி மட்டும்தான், டயர் புதுசா பழசான்னு பாக்க மாட்டாங்க. பாலிசில தனியா காட்டி பிரீமியம் கட்டின மியூசிக் சிஸ்டம் மாதிரி ஐட்டம் இருந்தா அதுக்கு உண்டு.

"தப்பு முழுக்க லாரிக்காரன் மேல. அவன் இன்சூரன்ஸ்ல ஏன் வாங்கக் கூடாது?" வாங்கலாம், ஆனா அதுக்கு மோட்டார் ஆக்சிடென்ட் டிரிப்யூனல்ல கேஸ் போடணும், எஃப்.ஐ.ஆர். வேணும், பொறுமையும் வேணும். உங்க பாலிசில வாங்கிட்டு போங்க, உங்க கம்பெனி வேணும்னா லாரியோட கம்பெனி கிட்ட வசூல் பண்ணிக்கட்டும். தர்ட் பார்ட்டி மட்டும் வச்சிருந்தா உங்களுக்கு வேற வழி இல்ல.

"மழைல பேஸ்மென்ட்ல வண்டி முங்கிடுச்சு. இதுக்கும் அதே 75 தானா?" அதே 75 தான். 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் அப்பவும் சென்னைல பாத்தது, தண்ணி டேஷ்போர்ட தொட்டுடுச்சுன்னா வயரிங், இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசிஎம் எல்லாம் போயி பெரும்பாலும் டோட்டல் லாஸ்லதான் முடிஞ்சுது. சீட் பெல்ட்ட முழுசா வெளிய இழுத்துப் பாருங்க, சேறு படிஞ்ச கோடு எந்த உயரத்துல நிக்குதுன்னு அதுல தெரியும், நாங்க முதல்ல பாக்கறதும் அதத்தான். அதுவரைக்கும் சாவிய மட்டும் திருகிடாதீங்க. தண்ணிய உள்ள வச்சு ஸ்டார்ட் பண்ணி கனெக்டிங் ராட் வளைஞ்சா, இன்ஜினுக்கு தனி கவர் எடுக்காத பாலிசில அது உங்க தலையில.

"டோட்டல் லாஸ்னு சொல்லி ரெண்டு மாசம் ஆச்சு, ஷெட்டுக்காரர் பார்க்கிங் சார்ஜ் கேக்கறார்." கேப்பார், பிரிச்ச கூலியும் கேப்பார், ரெண்டையும் கம்பெனி கழுத்துல தானா கட்ட முடியாது. வண்டிய உள்ள விடும்போதே, டோட்டல் லாஸ் ஆனா ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு ஜாப் கார்டுல எழுதி வாங்கியிருக்கணும். இப்ப, சால்வேஜ்காரர் வண்டிய எந்த தேதிக்குள்ள எடுக்கணும்னு கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்க, அந்த தேதிக்கு அப்புறம் ஓடற வாடகைக்கு நீங்க பொறுப்பில்லன்னு அதுலயே ஒரு வரி சேர்த்துடுங்க.